ஏணி இல்லாத இடத்தில் ஏறிய ஒரு கழகம்

2019 மார்ச் 9, கோயம்புத்தூர் ஜவஹர்லால் நேரு மைதானம். இந்தியாவின் ஐ-லீக் உதைபந்தாட்டத்தில் அன்றைக்குக் கடைசி நாள். சென்னை சிற்றி எஃப்.சி. வென்றால் சம்பியன். வெல்லாமல் விட்டால், அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவோடு விளையாடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் கிண்ணத்தைக் கொண்டுபோக வாய்ப்பிருந்தது. இரண்டு அணிக்கும் இடையில் ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம்.

போட்டி தொடங்கிச் சில நிமிடத்துக்குள்ளயே மினர்வா பஞ்சாப் கோல் அடித்துவிட்டது. இடைவேளைக்குப் போகும்போது சென்னை 0–1 எண்டு பின்னுக்கு நிற்கிறது. இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்ஸி பெனால்டியில் ஒன்று போட்டார். மறுகா கௌரவ் போரா ஒன்று, கடைசி நேரத்தில் அவரே இன்னொன்று. 3–1. அங்கால ஈஸ்ட் பெங்காலும் 2–1 எண்டு வென்றுதான் முடித்தது. ஆனா புள்ளிப்பட்டியலில் சென்னை சிற்றி 43, ஈஸ்ட் பெங்கால் 42.

1920இல் தொடங்கின, லட்சக்கணக்கான ரசிகர்கள் உள்ள ஒரு கொல்கத்தாக் கழகத்தை, ஐ-லீக்குக்குள் வந்து மூன்றாவது வருசமே ஆன ஒரு தமிழ்நாட்டுக் கழகம் ஒரு புள்ளியால் முந்திவிட்டது. தமிழ்நாட்டிலிருந்து ஐ-லீக் வென்ற முதல் கழகம் இதுதான். அந்த நாள் காணொளியை நீங்க தேடிப் பார்க்கலாம். நல்ல சந்தோசமாக இருக்கும்.

மறுகா இன்னொன்றையும் தேடிப் பாருங்க. 2021–22 ஐ-லீக் அணிகளின் பட்டியல். 13 அணிகள் இருக்கும். அதில் சென்னை சிற்றி இல்லை. சம்பியனாகி மூன்று வருசத்துக்குள்ள அந்தப் பெயர் லீக்கிலேயே இல்லாமல் போய்விட்டது.

ஒரு சின்னக் கழகம் மேலே ஏறுறது எப்படி எண்ட கதையை எல்லாரும் விரும்பிச் சொல்லுவாங்க. ஏறின பிறகு எதில் கால் வைத்து நிற்கிறது எண்ட கேள்வியை அவ்வளவாகக் கேட்கிறதில்லை. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது. கோவையில் தொடங்கி, பல்கேரியாவில் ஒரு சின்ன நகரத்துக்குப் போய், எங்கட வாவிக்கரைக்குத் திரும்பி வரப்போகிறோம்.

நேதாஜி விளையாட்டுக் கழகம்

சென்னை சிற்றி எண்ட பெயர்தான் புதுசு. கழகம் பழையது. 1946இல், அதாவது இந்தியா சுதந்திரம் அடைய ஒரு வருசத்துக்கு முன்னம், நேதாஜி விளையாட்டுக் கழகம் எண்ட பெயரில் தொடங்கப்பட்டது. சுபாஷ் சந்திரபோஸின் பெயரை ஊருக்கு ஊர் கழகங்களுக்கும் வாசிகசாலைகளுக்கும் வைத்த காலம் அது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் சென்னை நகர லீக்தான் அதன் உலகம்.

2016 டிசம்பரில் நிலைமை மாறியது. ஐ-லீக்கில் அணிகள் குறைந்துபோயிருந்தன. கோவாவின் டெம்போ, சல்கோகர், ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று பெரிய கழகங்களும் அந்த வருசம் லீக்கை விட்டு விலகியிருந்தன. அந்த வெற்றிடத்தை நிரப்ப அகில இந்திய உதைபந்தாட்ட சம்மேளனம் விண்ணப்பம் கேட்டது. கீழ்ப்பிரிவில் வென்று வராமல், கட்டணமும் நிபந்தனைகளும் ஏற்று நேரடியாக உள்ளே வருகிற வழி அது. அப்படி உள்ளே வந்த இரண்டு அணிகள் சென்னை சிற்றியும் மினர்வா பஞ்சாபும். லீக் தொடங்கியது 2017 ஜனவரி 7. அணி சேர்த்துப் பயிற்சி எடுக்க ஒழுங்காக ஒரு மாதம்கூடக் கிடைக்கவில்லை.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிங்க. நாங்க இதை 'படிப்படியாக முன்னேறிய கதை' எண்டுதான் சொல்லுவம். உண்மையில் சென்னை சிற்றி படியில் ஏறி வரவில்லை. கதவு திறந்த நேரம் உள்ளே வந்தது. அது அவங்கட பிழை இல்லை. ஏறி வருவதற்கு ஒழுங்கான படி அந்த வீட்டில் இருக்கவில்லை.

முதல் இரண்டு வருசமும் பட்டியலின் கீழ்ப்பாதியில்தான் கிடந்தார்கள். சென்னையின் பெரிய மைதானம் ஐ.எஸ்.எல். கழகமான சென்னையின் எஃப்.சி.யின் வீடாக இருந்தது. சென்னையின் பெயரைச் சுமந்துகொண்டு சென்னை சிற்றி கோயம்புத்தூருக்குக் குடிபெயர்ந்தது. பெயர் ஒரு ஊர், வீடு இன்னொரு ஊர்.

ஆனா அந்த வருசங்களில் ஒரு நல்ல விசயம் நடந்தது. தமிழ்நாட்டுப் பொடியன்களுக்கு ஒரு மேடை கிடைத்தது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் இரவிபுத்தன்துறை, தூத்தூர், சின்னத்துறை எண்டு வரிசையாக மீனவக் கிராமங்கள் இருக்கு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கோயில், நடுவில் மணல், மணலில் பந்து. தன்னாமுனை ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை எண்டு நினைக்கிறன். இரவிபுத்தன்துறையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் 2017–18இல் சென்னை சிற்றிக்காக விளையாடி, அங்கிருந்து ஐ.எஸ்.எல்.லுக்குப் போய், பிறகு இந்திய அணியின் சட்டையையும் போட்டார். எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் காமராஜ் போன்ற தமிழ்நாட்டு வீரர்கள் சம்பியன் அணியில் இருந்தார்கள். கடற்கரை மணலில் இருந்து தேசிய லீக் வரைக்கும் போகலாம் எண்டு காட்டியதுதான் சென்னை சிற்றியின் பெரிய வேலை எண்டு சொன்னாலும் பிழையில்லை.

ஸ்பெயினின் கீழ்ப்பிரிவிலிருந்து வந்தவர்கள்

2018இல் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்றுவிப்பாளராக வந்தார். அவரோடு ஸ்பானிய வீரர்களும் வந்தார்கள். உருகுவேயில் பிறந்த பெட்ரோ மான்ஸி, கேனரித் தீவுகளிலிருந்து நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரொட்ரிகஸ், பின்களத்தில் ரொபேர்டோ எஸ்லாவா. இவர்களில் ஒருவர்கூட எங்களுக்குத் தெரிந்த நட்சத்திரம் இல்லை. ஐ.எஸ்.எல். கழகங்கள் பெரிய பெயர்களைக் காசு கொட்டி எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், சென்னை சிற்றி ஸ்பெயினின் கீழ்ப்பிரிவுகளில் விளையாடிப் பழகிய ஆட்களைத் தேடிப் பிடித்தது.

2018 ஒக்டோபர் 26, முதல் போட்டியில் இந்தியன் அரோஸ் அணியை 4–1 எண்டு வென்றார்கள். மான்ஸி அன்றைக்கே மூன்று கோல் அடித்தார். சீசன் முடியும்போது அவருடைய கணக்கு 21. பந்தைத் தூக்கி அடித்துவிட்டு ஓடுற ஆட்டம் இல்லை அது. பின்னாலிருந்து நிலத்தோடு நிலமாகப் பந்தைக் கடத்தி வந்து ஆடுற ஆட்டம்.

இந்த ஸ்பானியர்கள் ஏன் இவ்வளவு நல்லா விளையாடினார்கள்? ஸ்பெயினில் பார்சிலோனாவுக்கும் ரியல் மட்ரிட்டுக்கும் கீழே படிப்படியாக நூற்றுக்கணக்கான கழகங்கள் இருக்கு. நாங்க பெயரே கேள்விப்படாத ஊர்களில் எல்லாம் வாராவாரம் போட்டி நடக்குது. வென்றால் மேலே போகலாம், தோற்றால் கீழே இறங்கவேண்டும். மூன்றாம் பிரிவில் விளையாடுறவன்கூட ஒரு வருசத்தில் 35, 40 கடினமான போட்டி ஆடுறான். சென்னை சிற்றி கொண்டுவந்தது நாலைந்து வெளிநாட்டு வீரர்களை மட்டும் இல்லை. ஒரு ஏணியில் வளர்ந்தவர்களை. ஏணி இல்லாத ஊர், இன்னொரு ஊரின் ஏணியில் பழுத்த பழத்தைப் பறித்து வந்தது போல.

மேலே போனபிறகு

ஐ-லீக் அந்தக் காலத்தில் ஒரு விசித்திரமான இடத்தில் இருந்தது. 2016–17இல் மிசோரம் மலைநாட்டின் ஐஸோல் எஃப்.சி. சம்பியன் ஆனது. அதற்கு முந்திய வருசம் தரமிறக்கப்பட்டு, கோவாக் கழகங்கள் விலகியதால் திரும்ப எடுக்கப்பட்ட அணி அது. 2017–18இல் மினர்வா பஞ்சாப். 2018–19இல் சென்னை சிற்றி. தொடர்ந்து மூன்று வருசம் சின்ன ஊர்க் கழகங்கள் கிண்ணம் தூக்கின. வேறொரு நாட்டில் இப்படி நடந்திருந்தால் உலகமே பேசியிருக்கும்.

ஆனா இந்தியாவில் பணமும் தொலைக்காட்சியும் ஏற்கனவே வேறு பக்கம் போய்விட்டன. 2014இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக் அப்ப ஒரு மூடிய லீக். அங்கே இடம் எண்டது காசு கட்டி வாங்குற ஒரு உரிமம். கீழேயிருந்து வென்று போக அப்ப முடியாது, எவ்வளவு தோற்றாலும் கீழே விழவும் மாட்டாது. ஐ-லீக் வென்ற அணிக்கு அடுத்த படி எண்டு ஒன்று இருக்கவில்லை.

மைதானத்தில் வித்தியாசம் அவ்வளவு பெரிதா எண்டு கேட்டால், பதில் 2019 ஏப்ரலில் கிடைத்தது. புவனேஸ்வரில் நடந்த சூப்பர் கிண்ணத்தில் சென்னை சிற்றி, அந்த வருசத்து ஐ.எஸ்.எல். சம்பியன் பெங்களூரு எஃப்.சி.யைக் காலிறுதியில் 2–1 எண்டு தோற்கடித்தது. அரையிறுதியில் எஃப்.சி. கோவாவிடம் 0–3 எண்டு தோற்றது வேறு விசயம். சின்ன லீக்கின் சம்பியன் பெரிய லீக்கின் சம்பியனை வென்றிருக்கு. இருந்தும் மேலே போக வழியில்லை. அதே வருசம் ஒக்டோபரில், 2019–20இலிருந்து ஐ.எஸ்.எல்.தான் இந்தியாவின் முதல்தர லீக் எண்டு முடிவானது. அதாவது சென்னை சிற்றி சம்பியன் ஆன லீக், அவங்க கிண்ணத்தை வைத்திருக்கும்போதே இரண்டாம் தரமாகிவிட்டது. தோற்காமலே தரமிறக்கம் எண்டா இதுதான்.

பிறகு நடந்தது மெல்ல மெல்லக் கழன்று போற கதை. கோர்டில்லோ ஐ.எஸ்.எல்.லுக்குப் போனார். மான்ஸி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்குப் போனார். 2020 ஜனவரியில் ஆசிய சம்பியன்ஸ் லீக் தகுதிகாண் போட்டி கிடைத்தது. அதையும் கோவையில் இல்லை, அகமதாபாத்தில் விளையாடினார்கள். பஹ்ரைனின் ரிஃபா கழகத்திடம் 0–1 எண்டு தோல்வி. மார்ச் மாதம் ஏ.எஃப்.சி. கிண்ணத்தில் மாலைதீவின் மாஸியாவோடு 2–2. அதற்குப் பிறகு கொரோனா வந்து அந்தத் தொடரையே மூடிவிட்டது. 2021–22இல் பெயரும் இல்லை.

சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பேஸல் 2019இல் சென்னை சிற்றியின் 26 வீதப் பங்கை வாங்கியிருந்தது. பேஸல் எண்ட பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்க. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் இப்ப பல்கேரியாவுக்குப் போகப்போறம்.

ரஸ்கிராட்

2014–15 ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக்கின் ஒரு குழுவில் நாலு அணிகள்: ரியல் மட்ரிட், லிவர்பூல், பேஸல், லுடோகொரெட்ஸ். முதல் மூன்றும் தெரிந்த பெயர்கள். நாலாவது, பல்கேரியாவின் வடகிழக்கில் சுமார் 30,000 பேர் வாழ்கிற ரஸ்கிராட் எண்ட நகரத்தின் கழகம். அந்தக் குழுவில் அவர்கள் பேஸலைச் சொந்த நாட்டில் 1–0 எண்டு வென்றார்கள். லிவர்பூலோடு 2–2. நாலு வருசத்துக்கு முதல் அவர்கள் பல்கேரியாவின் இரண்டாம் பிரிவில் இருந்தார்கள்.

கணக்கு இப்படிப் போகுது. 2010இல் கிரில் டொமுஸ்சியேவ் எண்ட மருந்துத் தொழில் வர்த்தகர் கழகத்தை வாங்கினார். 2010–11இல் இரண்டாம் பிரிவை வென்று முதல்பிரிவுக்குத் தரமுயர்வு. 2011–12, முதல்பிரிவில் முதல் வருசம். கடைசி நாளில் தலைநகர் சோபியாவின் பெரிய கழகம் சி.எஸ்.கே.ஏ.யைச் சொந்த மைதானத்தில் 1–0 எண்டு வென்று, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் சம்பியன். கோவையில் நடந்த அதே கதை. கடைசி நாள், பெரிய நகரத்தின் பெரிய பெயர், ஒரு புள்ளி.

வித்தியாசம் அதற்குப் பிறகுதான். லுடோகொரெட்ஸ் 2012 தொடக்கம் 2025 வரைக்கும் தொடர்ந்து 14 தடவை பல்கேரியச் சம்பியன்.

2014 ஓகஸ்டில் நடந்த ஒரு போட்டியை இங்க சொல்லாமல் விட ஏலாது. சம்பியன்ஸ் லீக்குக்குள் நுழைய ருமேனியாவின் ஸ்டேவா புக்கரெஸ்டை வெல்லவேண்டும். மேலதிக நேரத்தின் கடைசி நிமிடத்தில் லுடோகொரெட்ஸின் கோல்காப்பாளருக்குச் சிவப்பு அட்டை. மாற்று வீரர்கள் எல்லாரையும் ஏற்கனவே இறக்கியாச்சு. பின்கள வீரர் கொஸ்மின் மோட்ஸி கையுறையைப் போட்டுக்கொண்டு கோல் கம்பத்துக்குள் நின்றார். முதல் பெனால்டியைத் தானே அடித்துக் கோலாக்கினார். பிறகு எதிரணியின் இரண்டு பெனால்டியைத் தடுத்தார். வெற்றி. ரஸ்கிராட் மைதானத்தின் ஒரு பார்வையாளர் அரங்குக்கு இப்ப அவர் பெயர்தான். இதில் இன்னொரு விசயம், மோட்ஸி ஒரு ருமேனியர்.

இதை ஏழைக் கழகத்தின் அற்புதம் எண்டு சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. பின்னால் ஒரு பணக்காரரின் பெரிய முதலீடு இருக்கு. ஒரே அணி 14 வருசம் தொடர்ந்து வெல்கிறது ஒரு நாட்டின் உதைபந்தாட்டத்துக்கு நல்லதா எண்டும் கேட்கலாம். ஆனா காசு வந்த நேரம், அந்தக் காசு ஏறிப் போக ஒரு ஏணி இருந்தது. இரண்டாம் பிரிவு, முதல்பிரிவு, ஐரோப்பா. ஒவ்வொரு படியையும் விளையாடித்தான் கடந்தார்கள். ஏறியபிறகு காசை வீரர்களில் மட்டும் போடவில்லை. சொந்த ஊரில் மைதானம், பயிற்சித் தளம், சின்னப் பொடியன்களுக்கான கல்விக்கூடம் எண்டு மண்ணில் போட்டார்கள். கழகத்தை ரஸ்கிராட்டிலிருந்து பெயர்த்து சோபியாவுக்குக் கொண்டுபோகவும் இல்லை.

ரஸ்கிராட்டைப் பற்றி எங்கட ஆட்கள் தெரிந்துகொள்ளவேண்டிய இன்னொன்று இருக்கு. பல்கேரியாவில் துருக்கிய மொழி பேசுகிற சிறுபான்மையினர் செறிந்து வாழுற பகுதிகளில் அதுவும் ஒன்று. 1984–85இல் அன்றைய கம்யூனிச அரசு அந்த மக்களின் பெயர்களைப் பலவந்தமாகப் பல்கேரியப் பெயர்களாக மாற்றியது. அவங்கட மொழியைப் பொது இடத்தில் பேசத் தடை போட்டது. 1989இல் ஒரே கோடைகாலத்தில் 300,000க்கும் மேற்பட்டோர் துருக்கிக்குப் போனார்கள். பிறகு கொஞ்சப் பேர் திரும்பி வந்தார்கள். அப்படி வீடுகள் வெறுமையாகிக் கிடந்த ஒரு பகுதியின் கழகம்தான் 23 வருசத்துக்குப் பிறகு நாட்டின் சம்பியன் ஆனது. உதைபந்து அந்தக் காயத்தை ஆற்றியது எண்டு நான் சொல்லமாட்டன். அது பந்தின் வேலையும் இல்லை. ஆனா ஒவ்வொரு இரண்டாவது வாரமும் ஊர்ச் சனம் எல்லாம் ஒரே மைதானத்துக்கு வாறதுக்கு ஒரு காரணம் இருந்தது.

காலம் தாழ்த்தி வந்த படி

சென்னை சிற்றியோடு ஒரே நேரத்தில் நேரடியாக உள்ளே வந்த மினர்வா பஞ்சாபை ஞாபகம் இருக்கா? 2019 மார்ச்சில் கோவையில் தோற்ற அதே அணி. அந்தக் கழகம் பிறகு கைமாறி, பெயர் மாறி, பஞ்சாப் எஃப்.சி. ஆனது. 2022–23இல் ஐ-லீக்கை வென்றது. அந்த வருசம்தான் ஐ-லீக் சம்பியனுக்கு முதல்முறையாக ஐ.எஸ்.எல். கதவு திறந்தது. விளையாடி வென்று மேலே போன முதல் கழகம் பஞ்சாப். அடுத்த வருசம் முகமதன் ஸ்போர்ட்டிங்.

2019இல் அந்தக் கதவு திறந்திருந்தால் சென்னை சிற்றி மேலே போயிருக்கும். போயிருந்தால் அங்கே நிலைத்திருக்குமா எண்டு யாருக்குத் தெரியும்? காசில்லாமல் திணறியும் இருக்கலாம். ஆனா வீரர்களுக்கு நிற்க ஒரு காரணம் இருந்திருக்கும். அனுசரணையாளருக்குக் காசு போட ஒரு காரணம் இருந்திருக்கும். நாலு வருசம் எண்டது பேரேட்டில் சின்னக் கணக்கு. ஒரு வீரரின் காலுக்கு அது பெரிய கணக்கு.

எங்கட பக்கம்

இனி வாவிக்கரைக்கு வருவம். 2021இல் இலங்கையில் சூப்பர் லீக் எண்ட பெயரில் தொழில்முறை லீக் தொடங்கியபோது பத்து அணிகள் இருந்தன. புளூ ஈகிள்ஸ், புளூ ஸ்டார், கொழும்பு எஃப்.சி., டிஃபென்டர்ஸ், நியூ யங்ஸ், ரட்ணம், ரெட் ஸ்டார், ரினௌன், சீ ஹோக்ஸ், அப் கன்ட்ரி லயன்ஸ். பத்தில் மூன்று முப்படைகளின் அணிகள். மிச்சம் எல்லாம் கொழும்பும் மேற்குக் கரையும் மலைநாடும். வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ ஒரு கழகம்கூட இல்லை. அந்த லீக்கும் நீடிக்கவில்லை. 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கை உதைபந்தாட்டத்தையே இடைநிறுத்தியது. ஓகஸ்டில்தான் தடை நீங்கியது.

அப்ப எங்கட பொடியன்கள் எங்க விளையாடுறாங்க? கிண்ணங்களில். கழகத்தின் ஆண்டு நிறைவுக் கிண்ணம், திருநாள் கிண்ணம், இறந்துபோன ஒரு வீரரின் ஞாபகார்த்தக் கிண்ணம். வெபர் மைதானத்தில் ஒரு இறுதிப்போட்டி எண்டால் சனம் எப்படி வரும் எண்டு உங்களுக்கே தெரியும். அந்தக் கிண்ணங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. யுத்த காலத்திலும் கழகங்களை உயிரோடு வைத்திருந்தது அவைதான். ஆனா ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்க.

32 அணிகள் விளையாடுற ஒரு நொக்-அவுட் சுற்றுப்போட்டி. மொத்தம் 31 போட்டி. 16 அணி முதல் போட்டியோட வீட்டுக்குப் போகும். ஒரு அணிக்குச் சராசரியாக இரண்டு போட்டிகூட இல்லை. இப்ப வேறு மாதிரி யோசிங்க. 8 அணிகள், ஒவ்வொரு அணியும் மற்ற ஒவ்வொன்றோடும் இரண்டு தரம், ஒன்று சொந்த மைதானத்தில், ஒன்று அவங்கட மைதானத்தில். மொத்தம் 56 போட்டி. ஒரு அணிக்கு 14. கடைசி இடத்தில் நிற்கிற அணிக்கும் 14தான். முதல் நாள் பிழை விட்ட பொடியனுக்கு அதைத் திருத்த இன்னும் 13 கிழமை இருக்கு. நொக்-அவுட்டில் பிழை விட்டவனுக்கு அடுத்த கிண்ணம் எப்ப வரும் எண்டே தெரியாது. ஒரு ஆட்டக்காரன் வளர்றது இறுதிப்போட்டியில் இல்லை, அந்த நடுவில் வாற யாருமே பார்க்காத ஒன்பதாவது, பத்தாவது போட்டிகளில்.

ஏ-15 வீதியை எடுத்துக்கொள்ளுங்க. மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே போகப் போக சத்துருக்கொண்டான், தன்னாமுனை, ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை, சித்தாண்டி, வாழைச்சேனை, ஓட்டமாவடி. எட்டு ஊர், ஒரே றோட்டு, ஒரே பஸ். ஒரு லீக்குக்கு இதைவிட வசதியான வரைபடம் கிடைக்காது.

அந்தப் பட்டியலைத் திரும்ப ஒருக்கா வாசிச்சுப் பாருங்க. தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் மாறி மாறி வரும். 1990 ஓகஸ்டில் ஏறாவூரில் என்ன நடந்தது, அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் என்ன நடந்தது எண்டு எங்கட வீடுகளில் இன்னும் தாழ்ந்த குரலில்தான் பேசுறாங்க. எங்கட வயசுப் பிள்ளைகள் பிறக்க முதல் நடந்தவை. ஆனா எந்த றோட்டால போகலாம், எந்தக் கடையில் சாமான் வாங்கலாம் எண்டதில் அது இன்றைக்கும் மிச்சம் இருக்கு.

நொக்-அவுட் போட்டி ஒரு பொது மைதானத்தில் நடக்கும். தோற்றவன் கோபத்தோட போவான், மறுகா சந்திக்கவே மாட்டான். லீக் அப்படியில்லை. இந்தக் கிழமை ஏறாவூர் அணி தன்னாமுனைக்கு வரவேண்டும். பிறகு தன்னாமுனை அணி ஏறாவூருக்குப் போகவேண்டும். அங்க போனால் அவங்கட தேத்தண்ணியைக் குடிக்கவேண்டும், நோன்பு காலத்தில் போட்டி நேரத்தை மாற்றவேண்டும், ஞாயிறு பூசை முடியுமட்டும் அவங்க காத்திருக்கவேண்டும். சண்டையும் வரும், வராமல் இருக்காது. ஆனா சண்டை பிடித்தவனோட இரண்டாம் சுற்றில் திரும்ப விளையாடியே ஆகவேண்டும். புள்ளிப்பட்டியல் விடாது.

இதற்கு டொமுஸ்சியேவ் மாதிரி ஒரு கோடீஸ்வரர் தேவையில்லை. எட்டு மைதானம், ஒரு மத்தியஸ்தர் குழு, ஒரு அட்டவணை, அந்த அட்டவணையை மழை வந்தாலும் பிரமுகர் வராவிட்டாலும் கைவிடாத ஒரு சங்கம். கடைசியில் சொன்னதுதான் கஷ்டமானது. பிரதம விருந்தினர் இல்லாத போட்டியை நடத்த நாங்க இன்னும் பழகவில்லை.

கோவையில் 2019 மார்ச் 9 அன்று நடந்தது பொய்யில்லை. அந்த 43 புள்ளியை யாரும் அழிக்க ஏலாது. இரவிபுத்தன்துறையிலும் தூத்தூரிலும் இன்றைக்கு மணலில் பந்து அடிக்கிற சின்னதுகளுக்கு அது தெரியும். ஆனா அவங்களுக்கு அந்தக் கதை மட்டும் போதாது. அவங்களுக்கு அடுத்த கிழமை ஒரு போட்டி வேணும், அதற்கு அடுத்த கிழமையும் ஒன்று வேணும். எங்கட பொடியன்களுக்கும் அதேதான். அடுத்த தரம் உங்கட கழகக் கூட்டத்தில் ஆண்டு நிறைவுக் கிண்ணத்துக்கு எவ்வளவு காசு ஒதுக்கிறது எண்ட பேச்சு வரும்போது, அந்தக் காசில் எத்தனை சாதாரணப் போட்டி நடத்தலாம் எண்டு ஒருக்கா எழும்பிக் கேட்டுப் பாருங்க.